பின்னால் ஒரு பெரியவர்

“மெதுவா பேசும்மா. பின்னாடி ஒரு பெரியவர் தூங்கிக்கினு வர்றாரு” என்றான் வெற்றிவேல், செல்போனை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்தபடி.

ஸ்காட்லாந்தின் வடகோடிக் கடற்கரைச் சாலை. விடாத மழையில் மலைச்சரிவிலிருந்து பாறை உருண்டு வந்து வழியை மறித்துக் கிடந்தது. அதை அகற்றும்வரை வண்டி நகராது. அந்த நேரம் பார்த்துத் திண்டிவனத்திலிருந்து அம்மா செண்பகத்தின் வீடியோ கால். பெண் வீட்டார் வந்திருந்தார்கள்.

அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் அப்பா தட்சிணாமூர்த்தி எட்டிப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, கறுப்புக் கோட்டு, டையின்னு ஜோரா இருக்கீங்க! டிராவல்ஸ் கம்பெனின்னு அம்மா சொன்னாங்க. வண்டி சொந்தமா?”

“கம்பெனி வண்டிங்க மாமா.”

வெற்றிவேலுக்குக் காது சுட்டது. டிராவல்ஸ் என்று அம்மாவிடம் சொன்னவனே அவன்தான். நிஜம் தெரிந்தால் கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள்.

“அந்தக் கடலக் கொஞ்சம் காட்டுங்களேன். எம் பொண்ணு அஸ்வினி பாக்கணும்ங்குது.”

போனை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினான். செங்குத்தான கரும்பாறைகள். அவற்றில் மோதிச் சாலைவரை சிதறும் அலைகள்.

“யப்பா! இதப் பாத்தா நம்ம மரக்காணம் கடலு ஏரி மாதிரி இருக்குதில்ல!”

அப்போது நாயோடு நனைந்தபடி நடந்துவந்த ஒரு வெள்ளைக்காரர் வண்டிக்கு முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றினார். கொட்டும் மழையில் சற்று நேரம் தலை குனிந்து நின்றுவிட்டு நகர்ந்தார்.

“பாத்தியா அஸ்வினி! வெள்ளக்காரனே மாப்ளைக்குத் தொப்பியக் கழட்டறான்!”

அங்கே எல்லோரும் சிரித்தார்கள். செண்பகம் மட்டும் சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் வந்துவிட்டாள்.

“வேலு, என்னப் பாரு.”

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்தான்.

“பின்னாடி இருக்கிறவரு எதுவரைக்கும் போறாரு?”

“அவரு... சொந்த ஊருக்கும்மா.”

“புள்ளைங்க யாராச்சும் கூட வர்றாங்களா?”

“இல்லம்மா. நான் மட்டுந்தான்.”

செண்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, நீ தலையத் தொங்கப் போடாத. அவங்ககிட்ட சொல்ல வேண்டியத நானே சொல்லிக்கறேன். நடக்கறது நடக்கட்டும்.”

முன்னால் பாறையை ஓரமாகத் தள்ளிவிட்டு, வரச் சொல்லிக் கைகாட்டினார்கள். தப்பித்தோம் என்று வெற்றிவேல் அவசரமாக வண்டியைக் கிளப்பினான்.

“வழி உட்டுட்டாங்கம்மா. போயிட்டு வர்றேன்.”

“பொணத்த வெச்சிக்கினு போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாதுடா. சொல்லாமப் போ.”