ஸ்பீடைக் குறைச்சது ஏன்?

"யோவ் அண்ணாச்சி! நல்ல கார்டை உருவிட்டு டுபாக்கூர் கார்டைச் சொருவிட்டியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

நிலவன் போட்ட கூச்சலில் திருவொற்றியூர் தேரடியே திரும்பிப் பார்த்தது. கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல நகராமல் நின்றன. டிரைவர்களுக்கு வேடிக்கை பார்க்கக் கசக்குமா? இறங்கி வந்து கடை வாசலை அடைத்துக்கொண்டார்கள்.

ஞானதுரை பழைய லேப்டாப் விற்கிறவர், ரிப்பேரும் பார்ப்பார். அவரிடம்தான் நிலவன் அந்த கேமிங் லேப்டாப்பை வாங்கினான். வாங்கினவன் சும்மா இருந்தானா? கம்பெனிக்காரன் வைத்த ஸ்பீடு போதாதென்று கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் பண்ணி, வோல்டேஜையும் ஏற்றி முறுக்கிவிட்டான். ரேஸ் கேமில் கார் பறந்தது. நிலவனும் கூடவே பறந்தான்.

போன வாரம் ஃபேனில் தூசி தட்ட அவன் மனைவி எழில்மொழி அதைக் கடைக்கு எடுத்துப்போனாள். திரும்பி வந்ததிலிருந்து கார் மாட்டுவண்டி மாதிரி போகிறது. விடுவானா?

ஞானதுரை லேப்டாப்பைக் கழற்றிக் காட்டினார். "பாருங்க தம்பி, அதே கார்டுதான். வோல்டேஜையும் ஸ்பீடையும் கொறச்சு வச்சேன், அவ்ளோதான். சூடு ரொம்ப இருந்துச்சு."

"சூடா இருந்தா உனக்கு இன்னா? உன் தலையிலயா வெச்சிகினு ஆடுறேன்? எவனைக் கேட்டுக் கொறச்ச?"

கல்லாவில் இருந்த அவர் மனைவி தேவகிருபை எழுந்தாள். "என்னங்க, சொல்லிருங்களேன்..."

"நீ பேசாம இரு." ஞானதுரை வாசலில் நின்ற கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். "தப்புதான் தம்பி. உங்களைக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்."

"பாத்தீங்களா, வாயாலயே ஒத்துக்குனான்! இவன் கடையாண்ட வராதீங்க நைனா, உசாரு!"

லேப்டாப் விலை விசாரித்துக்கொண்டிருந்த ஒருவர் மெல்ல நழுவினார். ஞானதுரை அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, ஸ்பீடைப் பழையபடி ஏற்றிக் கொடுத்தார்.

"வீட்டுக்கு ஒரு மேசை வாங்கிப் போடுங்க தம்பி."

"ஏன், அதையும் நீயே விக்கிறியா?"

கூட்டம் சிரித்தது.

எர்ணாவூர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நிலவன் ஆரம்பித்துவிட்டான். "எழிலு! உன் அண்ணாச்சிய இன்னிக்கு நாறடிச்சிட்டேன். திருடன்னு தேரடி முழுக்கத் தெரிஞ்சிபோச்சு. இந்தா, ஸ்பீடு பழையபடி கீது, குந்தி வேலையப் பாரு."

டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடிப்பது எழில்மொழியின் வேலை. இருப்பதோ ஒரே ரூம். தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டால்தான் அவளுக்கு வேலை ஓடும்.

"ஏன் கொறச்சேன்னு அவரு சொல்லலியா?"

"இன்னாத்த சொல்வான்? திருட்டு முழி முழிச்சிகினு நின்னான்."

எழில்மொழி எழுந்து கதவைச் சாத்தினாள். நைட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். இரண்டு தொடையிலும் தீய்ந்த தோசை மாதிரி திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. ஒரு பக்கம் கொப்புளம் உடைந்து இன்னும் ஆறவில்லை.

"சூடு தாங்கலன்னு உன்னாண்ட எத்தினி வாட்டி சொன்னேன்? தலவாணி வெச்சிக்கோன்னு நீ சொன்ன. திரும்பிக்கூடப் பாக்கல, உனுக்கு ரேஸு முக்கியம். தேவகிருபை அக்காவாண்ட இத்தக் காட்டி அழுதேன். அக்கா சொல்லித்தான் அண்ணாச்சி கொறச்சாரு."

நிலவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. கடை வாசலில் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் இப்போது அவன் காதிலேயே வந்து விழுந்தது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே அந்த மனுசன்," என்று முனகினான். "அவங்க சம்சாரம்கூட சொல்லுங்கன்னாங்க. ஒரு வார்த்த சொல்லிருந்தா அங்கியே கால்ல வுழுந்திருப்பேனே..."

நைட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழில்மொழி சொன்னாள்:

"அடுத்தவன் பொண்டாட்டி தொடை வெந்துபோச்சுன்னு அத்தினி ஆம்பளைங்க நடுவுல எப்டிய்யா வாயத் தொறப்பாரு? அதுக்குத் திருடன்னு பேர் வாங்கிக்கலாம்னு நின்னுட்டாரு."