ஏழாம் நம்பர் குட்டி

"அந்த மேரியை இன்னிக்கே நிறுத்தும், ஓய்!" என்றார் டைரக்டர் ஸ்ரீனிவாசராகவன்.

டாக்டர் கண்ணாயிரம் தலையைச் சொறிந்தார். ஊரார் அவரை மாட்டு டாக்டர் என்பார்கள். ஆனால் அவர் வேலை பார்த்த ஆராய்ச்சிச்சாலையில் ஒரு மாடும் கிடையாது; குரங்குகள்தான். மேரி அந்தக் கூண்டுகளைக் கழுவி, குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கிறவள்.

"என்ன சார் தப்பு பண்ணினா?"

"கைக்குழந்தையைத் தூக்கிண்டு வரா. கூண்டறைக் கதவைச் சாத்திண்டு அரைமணி உள்ளேயே உட்கார்ந்துடறா. கேட்டா, 'புள்ள அழுதுச்சு'ங்கறா. வாசல்லே போர்டு எதுக்கு மாட்டியிருக்கு?"

போர்டு மாட்டித்தான் இருந்தது: 'உள்ளே குழந்தைகளைக் கொண்டுவரக் கூடாது.'

செங்கல்பட்டில் அந்த இடம் ஏற்பட்டதே குழந்தைகளுக்காகத்தான். செய்யூர் வேர்க்கடலையை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி டைரக்டர் ஒரு பால் கண்டுபிடித்திருந்தார். கமிட்டி சரியென்று சொல்லிவிட்டால், தாயில்லாத குழந்தைகளுக்கெல்லாம் இனி அந்தப் பால்தான். முதலில் குரங்குக்குக் கொடுத்துப் பார்க்கலாமென்று, ஏழு குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து கழுத்தில் நம்பர் வில்லை கட்டியிருந்தார்கள்.

ஆறு செத்துப்போயின. ஆறையும் அறுத்துப் பார்த்த கண்ணாயிரம், 'பால் செரிக்கவில்லை' என்று ஆறு தடவை எழுதினார். டைரக்டர் ஆறு தடவையும் அதை அடித்துவிட்டு, 'குட்டி பிறவியிலேயே நோஞ்சான்' என்று எழுதினார்.

ஏழாம் நம்பர் மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தது. தினம் காலையில் கண்ணாயிரம் அதைத் தராசில் வைப்பார். தினம் முள் ஏறும். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. டைரக்டருக்குப் புரிந்துவிட்டது. பால் நல்ல பால்!

"வெள்ளிக்கிழமை மதராஸிலேர்ந்து கமிட்டி வரது. அவா எதிர்லே ஒரு குழந்தை வீல்வீல்னு கத்தினா என் மானம் என்ன ஆறது? ஆர்டர்லே கையெழுத்துப் போடும்."

கண்ணாயிரம் போட்டார். போடாமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது. அப்போது தோன்றவில்லை.

மேரி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. "ஐயா, அந்தக் குட்டிக்குப் பாலு யாரு குடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அதப்பத்தி உனக்கென்ன? பியூன் எல்லப்பன் குடுப்பான்" என்றார் டைரக்டர்.

"எல்லப்பன் அண்ணாத்தையா?"

மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை.

புதன்கிழமை ஏழாம் நம்பர் புட்டியைத் தள்ளிவிட்டது. எல்லப்பன் மடியில் போட்டுக் கொஞ்சினான், விரலைக் கடித்தது. வியாழக்கிழமை தராசு முள் இறங்கிவிட்டது. கண்ணாயிரம் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"ஊசி போடும், ஓய்!" என்றார் டைரக்டர்.

"எதுக்குன்னு சார் போடறது? ஒரு நோயும் இல்லை. பசி."

"பசின்னா குடிக்கட்டுமே! நாளைக்கு மத்தியானம் வரைக்கும் உசிரோட இருந்தாப் போறும். அப்புறம் கமிட்டியை மகாபலிபுரம் கூட்டிண்டு போயிடுவேன்."

கண்ணாயிரம் டைரக்டருக்குத் தெரியாமல் எல்லப்பனைக் கூப்பிட்டார். "காலையிலே மேரியைக் கூட்டி வாப்பா. அவ கையால குடுத்தாக் குடிக்குமோ என்னமோ."

வெள்ளிக்கிழமை கமிட்டி வந்தது. மூன்று பேர். தலைமை, குழந்தை வைத்தியத்தில் பேர்போன டாக்டர் சுந்தரவல்லி அம்மாள்.

"இதோ பாருங்கோ, ஏழாம் நம்பர்!" டைரக்டர் கூண்டைத் தட்டினார். "பொறந்த நாலாம் நாள்லேர்ந்து நம்ம பால்தான். தாய்ப்பாலுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் கிடையாது!"

"சோர்ந்து கிடக்கே?"

"தூங்கறது. வயிறு ரொம்பின தூக்கம்."

அந்த நேரம் பார்த்து எல்லப்பன் மேரியை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அவள் இடுப்பில் குழந்தை.

வயிறு ரொம்பித் தூங்கிய குட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. கண்ணாயிரம் கூண்டைத் திறந்தார். ஒரே தாவலில் அது மேரியின் மேல் ஏறி, மாராப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கமிட்டியிலிருந்த ஆண்கள் இருவரும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியைப் பார்த்தார்கள்.

மேரி கூசிப்போனாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினாள்.

"தப்புதாம்மா. பசின்னு கத்திச்சு. எம் புள்ளைக்கு ஒரு பக்கம் குடுத்தேன், இதுக்கு ஒரு பக்கம் குடுத்தேன். வேர்க்கடலப் பால சாக்கடையில ஊத்திட்டேன்."

முந்தானைக்குள் குட்டி சத்தம்போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

டைரக்டர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "பாவி, ஆராய்ச்சியையே கெடுத்துட்டாளே! நம்ம பாலைக் குடுத்திருந்தா இதுக்கு மேலே கொழுத்திருக்கும்!"

சுந்தரவல்லி அம்மாள் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"ஏம்மா, அப்போ மத்த ஆறு குட்டியும்? அதுங்களுக்கு நீ குடுக்கலையா?"

"அதுங்களும் கத்திச்சுங்கம்மா. நான் இன்னா பண்ணுவேன்? எனக்கு ரெண்டு பக்கந்தானே கீது."