திட்டு வாங்கும் கோல்கீப்பர்

"இந்த சீசன் ஃபுட்பால் கப்பு நம்ம டீமுக்குத்தாண்ணே!" என்றார் தபால்காரர். ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. சட்டை தைக்கக் கொடுக்க வந்திருந்தார்.

"கிழிச்சாங்க!" தையல்காரர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த கோல்கீப்பர் இருக்கிற வரைக்கும் கடைசி இடம்தான். கையா அது? சல்லடை!"

"போன வருஷம் டிவியில பார்த்தேனே, எத்தனை பெனால்டியைத் தடுத்தான்! மனசாட்சியோட பேசுங்க."

"தடிமாடு மாதிரி நின்னான். பந்து தானா வந்து மோதிச்சு."

தபால்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா, எனக்குச் சட்டையே வேணாம்!"

அப்போது போன் அடித்தது. கையில் துணி இருந்ததால் தையல்காரர் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"அப்பா, நாளைக்கு முதல் மேட்ச். கோல் போஸ்ட்டுல நிக்கப்போறேன். என்னை நல்லா திட்டினீங்களா?"

"வாய் வலிக்கத் திட்டிட்டேன்டா ராசா!"

"அந்த கோல்கீப்பர் உங்க பையனா?" என்றார் தபால்காரர்.

தையல்காரர் அசடு வழிந்தார். "ஒரே ஒரு தடவை, 'எம் புள்ள மாதிரி உண்டா'ன்னு பெருமை பேசிட்டேன் சார். அன்னைக்கு அஞ்சு கோல் விட்டான். என் கண்ணே பட்டுடுச்சு. அதுலேர்ந்து இப்படித்தான்."

தபால்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனருகே குனிந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

"டேய் தடிமாடு! நீயெல்லாம் ஒரு கோல்கீப்பரா?"