ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டு

வெளியூர் வேலை முடிந்து யீஃபான் செங்டு வீட்டுக்குத் திரும்பியதும், அவனுடைய ஐரிஷ் மனைவி ஓர்லா பெருமையடித்துக்கொண்டாள்.

"அத்தைக்குச் சளி. மூணு நாளா நான்தான் கஷாயம் காய்ச்சினேன். மருந்துக்கடைப் பொட்டலம் பூரா பூச்சிக்கூடு. ஒண்ணு விடாம பொறுக்கி எறிஞ்சுட்டுத்தான் அடுப்புல வச்சேன்."

"அம்மா உன்னைத் திட்டலியா?"

"மூணு நாளா ஒரு வார்த்தை திட்டலை. மடக்குன்னு குடிச்சுட்டு என் கன்னத்தைத் தட்டினாங்க. பாராட்டி எழுதிக்கூடக் கொடுத்தாங்க. எனக்குத்தான் சீன எழுத்து படிக்க வராதே, ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன்."

யீஃபான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தான்.

"மருமகளே, தொண்டை கட்டி எனக்குப் பேச்சே வரல. நீ பொறுக்கி எறியறது சில்வண்டு உரிச்ச தோல். குரலுக்கு அதுதான் மருந்து. குரல் வரட்டும், உனக்கு இருக்கு."