நிழலில் ஓர் இடம்

புங்கமர நிழலில் இடம் பிடித்து நின்ற வெள்ளைக் காருக்கு அந்தத் தெருவில் தனி மவுசு. ஒருநாள் காலை பூனை ஒன்று குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து சக்கரத்தருகே இறக்கியது.

"அண்ணே, என் பிள்ளைங்களை உங்க அடியில விட்டுக்கலாமா? திடீர்னு கிளம்பிட மாட்டீங்களே?"

காருக்குச் சுருக்கென்று தைத்தது. "என்னை என்ன குப்பைத்தொட்டின்னு நினைச்சியா? ஓனர் சாவியைத் திருப்பினா அடுத்த நிமிஷம் பீச்சுல இருப்பேன். வேற இடம் பாரு."

பூனை மறுபடி குட்டியைக் கவ்வக் குனிந்தபோது ஓனர் வந்தார். கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தார், காரைச் செல்லமாகத் தட்டினார், பிறகு கைகாட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினார்.

"கார் ரிப்பேரா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"நல்லாத்தான் இருக்கு. எடுத்தா இந்த இடம் போயிடும்பா."

பூனை குட்டியைக் காருக்கடியில் படுக்கவைத்துவிட்டு, மற்ற இரண்டையும் கொண்டுவரப் போனது.