தெற்றுப்பல் தெரியும் தெளிவு

ஏலாக்குறிச்சி வயலில், போர்செட் தொட்டிக்குப் பக்கத்து அடுப்பில் பார்லிச் சாறு தளதளவெனக் கொதிக்கிறது. கிறிஸ்துமஸுக்கான பீர். இறக்கியதும் சட்டென்று ஆறினால்தான் தெளியும். போன வருஷம் கரண்டும் தண்ணீரும் இல்லாமல் மெல்லத் தானாக ஆறி, கழனித்தண்ணீராகக் கலங்கிப்போனதை ரோஸ்லின் மறக்கவில்லை. இறக்கும் நேரமாகிவிட்டது, மும்முனை மின்சாரம் இன்னும் வரவில்லை. மோட்டார் பெட்டியருகே நிற்கும் கணவன் அமல்ராஜையே பார்க்கிறாள். “வந்துடுச்சு புள்ள!” மோட்டார் உறுமுகிறது, தொட்டியில் பாய்ந்து நிறையும் தண்ணீருக்குள் இருவருமாகச் சாறு அண்டாவை இறக்குகிறார்கள். சாறு ஆற ஆற, முட்டை வெள்ளைபோலக் கசடு திரிதிரியாகத் திரண்டு அடியில் படிகிறது. மேலாக ஒரு கிளாஸ் மொண்டு வெயிலில் பிடிக்கிறாள். “ஏங்க, எதிர்ல நின்னு சிரிங்க.” அவன் சிரிக்கிறான். தேன் நிறத்துக்கு அந்தப் பக்கம், “மாதாவே, தெத்துப்பல்லு தெரியுதுங்க!”