பேர் சொல்லும் போன்

"பழசு எதையும் இறக்க வேணாம் மாமி. புதுசாவே போட்டுடலாம். நம்பரெல்லாம் நானே ஒண்ணொண்ணா ஏத்தித் தர்றேன்."

மருமகள் நிலோஃபர் இப்படிச் சொன்னதும் மெஹராஜ் பேகத்துக்குச் சுருக்கென்றது.

துபாயிலிருந்து மகன் அஸார் அனுப்பிய போன் அப்போதுதான் பெட்டியை விட்டு வெளியே வந்திருந்தது. காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூப்பிடுகிறவர் பேரை வாய்விட்டுச் சொல்லும் போனாம்! இனிமேல் கண்ணாடியைத் தேடி அலைய வேண்டாம். பிள்ளை பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறான். அந்தச் சந்தோஷத்தில் இவள் வந்து மண்ணை அள்ளிப் போடுகிறாளே!

"ஏன், பழசுல இருக்கறது உன்னை என்ன பண்ணுது?"

"இல்ல மாமி... வேண்டாத குப்பையெல்லாம் சேர்ந்து வந்துடும். போன் ஸ்லோவாயிடும்."

குப்பையா? கூத்தாநல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் ஹுமைராவின் கல்யாண போட்டோ குப்பையா? அஸார் அனுப்பிய வாய்ஸ் மெசேஜெல்லாம் குப்பையா? பெற்றவளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் இருக்கிறதைத் துடைத்துப்போட என்ன அவசரம் பார்!

நிலோஃபர் டீ போட உள்ளே போனாள். போனைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பூவம்மாள் மெல்லச் சொன்னாள்.

"விவரம் தெரிஞ்ச புள்ள சொல்லுது, கேளுங்களேன் அக்கா. போன வருஷம் உங்களுக்கு ஆபரேஷன் ஆனப்போ, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலயே கிடந்து கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டாளே!"

"அதெல்லாம் ஊர் மெச்சறதுக்கு பூவம்மா. நாலு பேர் பாக்கறப்ப யாருதான் பார்த்துக்க மாட்டா?"

டீ வருவதற்குள் மெஹராஜ் பேகம் ஆட்டோவில் ஏறிவிட்டாள். பாபநாசம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அப்சரின் செல்போன் கடை. போன உடனே இரண்டு போனையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அப்சரு, இதுல இருக்கறது அப்படியே அதுக்கு வரணும். ஒண்ணு விடக்கூடாது."

"பேக்கப் இருக்கு பெரிம்மா. ஒரு எழுத்து விடாம இறக்கிடலாம்."

"பேர் சொல்லுமாமே, அதையும் போட்டு விடு. நல்லா சத்தமா வை. தெருவே கேக்கணும்!"

வீட்டுக்குத் திரும்பியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நெல் மண்டியிலிருந்து சாப்பிட வந்திருந்த கணவர் ஹபீப் முகம்மதுவைக் கை கழுவக்கூட விடவில்லை. பூவம்மாளையும் குரல் கொடுத்துக் கூப்பிட்டாள்.

"எல்லாம் வந்துடுச்சு! யாராவது எனக்குப் போன் போடுங்களேன்!"

பூவம்மாள் போட்டாள்.

"பக்கத்து வீட்டு பூவம்மா அழைக்கிறார்!" என்று போன் கணீரென்று சொன்னது.

"அட, என் பேரைச் சொல்லுதே!" என்று பூவம்மாள் கையைத் தட்டினாள்.

அடுத்து ஹபீப் முகம்மது.

"வீட்டுக்காரர் அழைக்கிறார்!"

"பரவாயில்லையே, போன்லயாவது மரியாதை இருக்கு" என்று அவர் சிரித்தார். "நிலோஃபர், நீயும் ஒண்ணு போடும்மா."

நிலோஃபரின் முகம் மாறியது. "வேணாம் மாமா. என் போன்ல சார்ஜ் இல்ல."

"ஏன், எனக்குப் போன் போட்டா குறைஞ்சா போயிடுவே?" மெஹராஜ் பேகம் விடவில்லை.

"சார்ஜ் நிறைய இருக்கே!" என்று அலமாரி மேலிருந்த நிலோஃபரின் போனை எடுத்து ஹபீப் முகம்மதுவே அழுத்தினார்.

"ராங்கிக்காரி அழைக்கிறார்!"

போன் விடுமா? "ராங்கிக்காரி அழைக்கிறார்! ராங்கிக்காரி அழைக்கிறார்!"

மெஹராஜ் பேகத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல்யாணமாகி வந்த வாரமே, "மாமி, குழம்புல புளி கொஞ்சம் தூக்கல்" என்று சொன்ன மருமகள்மேல் வந்த கோபம். ஹுமைராவைக் கூப்பிட்டு, "அவ நம்பரை ராங்கிக்காரின்னு போடுடி" என்று சொன்னவள் இவளேதான். ஒரே வீட்டில் இருக்கிறவள் எத்தனை தடவை போன் பண்ணப் போகிறாள்? அப்படியே மறந்து போயிருந்தாள். இப்போது தெருவுக்கே கேட்கிறது!

நிலோஃபர்தான் முதலில் சிரித்தாள்.

"நான்தான் பூவம்மா அக்கா அப்படிப் போட்டு வெச்சேன்! மாமி என்னைச் செல்லமா அப்படித்தானே கூப்பிடுவாங்க!"

"மாமியார் மருமகள்னா இப்படில்ல இருக்கணும்!" பூவம்மாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். ஹபீப் முகம்மது கை கழுவப் போனார்.

மெஹராஜ் பேகம் மெதுவாக அடுப்படிக்கு வந்தாள். நிலோஃபர் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மாமி. இது வாய்விட்டுச் சொல்லுமேன்னுதான் புதுசா போடலாம்னேன்."

"தெரிஞ்சப்பவே கேட்டிருக்கலாமேடி. சண்டை போட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க சங்கடப்படுவீங்க."

"எப்ப தெரிஞ்சுது?"

நிலோஃபர் கஞ்சிப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில உங்க போனைக் காணோம்னு என் போன்லேர்ந்து ரிங் விட்டேன் மாமி. உங்க தலகாணிக்கு அடியிலதான் கிடந்துச்சு. உங்களைச் சேர்த்த மொத நாள்."